ஏறும்போதா, இறங்கும்போதா?

திருச்செங்கோட்டில் சங்ககிரி போகிற ரோட்டில், ஒரு லேத்துப் பட்டறைக்கும் டயர் கடைக்கும் நடுவில் அந்த எண்ணெய்க் கடை இருந்தது. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் ரோட்டில் நிற்க வேண்டும். வண்டிகளுக்கு ஊற்றுகிற எண்ணெய் தவிர அங்கே வேறு எதுவும் கிடைக்காது. கடைக்காரரை எல்லோரும் பாய் என்றார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். பெயர் என்னவென்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இன்றுவரை தெரியாது.

கேட்டவுடன் அவர் எண்ணெயை எடுத்துக் கொடுத்து நான் பார்த்ததே இல்லை. முதலில் அவர் கேட்பார்.

"பாய், ஒரு லிட்டரு கிரவுன் ஆயில் குடுங்க."

"என்ன வண்டிங்க?"

"டெம்போ."

"என்ன பாரம் ஏத்தறீங்க?"

"கோழித் தீவனம்."

"மேடு பள்ளமுங்களா, சம ரோடுங்களா?"

"அட, எண்ணெய்தான கேட்டேன். என்னமோ பொண்ணு குடுக்கப் போற மாதிரி இத்தனை விசாரிக்கறீங்க?"

"பொண்ணா இருந்தா இத்தனை கேக்கமாட்டனுங்க. போன எடம் சரியில்லீன்னா பொண்ணு திரும்பி வந்து சொல்லீரும். கிரவுன் வந்து சொல்லுமுங்களா?"

கேட்டவர் சிரித்துவிடுவார். இல்லையென்றால் முனகிக்கொண்டே அடுத்த கடைக்குப் போய்விடுவார். போகிறவரைப் பாய் கூப்பிட்டதில்லை.

கிரவுன் என்றால் என்னவென்று எனக்கும் அப்போது தெரியாது. காரின் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவில், அடியில் ஒரு சட்டியைக் கவிழ்த்து வைத்ததுபோல உருண்டையாகத் தொங்கும். இஞ்சின் சுற்றுவதைச் சக்கரத்துக்குத் திருப்பிவிடுவது அதுதான். இஞ்சினுக்கு ஒரு எண்ணெய், அதற்கு வேறொரு எண்ணெய். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கிற பல்சக்கரத்தின் பல் தேய்ந்துபோகும். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. முதல் நாள் நான் அங்கே போனபோது என்னிடம் இருந்தது ஒரு மஞ்சள் பையும் அதற்குள் இரண்டு காலி டப்பாக்களும்தான்.

என் வீட்டுக்காரர் வெள்ளை அம்பாசிடர் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டினார். இருபது வருஷத்துக்கு மேலாக அந்த ஒரே கார். கல்யாணத்துக்குக் கேட்பார்கள். கொல்லிமலைக்குக் கேட்பார்கள். தை மாதத்தில் ஒரு நாள் குளித்துவிட்டு வந்தவர் வாசலில் சாய்ந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர்தான். காபி வேண்டுமா என்றால் பதில் இல்லை. வலிக்கிறதா என்றால் பதில் இல்லை. இடது கை நன்றாக இருக்கிறது, தலையாட்ட முடியும் என்று டாக்டர் சொன்னார். அவர் ஆட்டவில்லை. கைக்குப் பயிற்சி என்று ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். அதைத் தூக்கி எறிந்தார். எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எட்டு மாதமாக அந்த வீட்டில் என் குரல் ஒன்றுதான் கேட்டது. போகப்போக நானும் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன்.

புரட்டாசி பிறந்தது. ஆயுத பூசைக்கு முன்னால் இஞ்சின் எண்ணெய், கிரவுன் எண்ணெய் இரண்டையும் மாற்றாமல் அவர் எந்த வருஷமும் இருந்ததில்லை. புது எண்ணெய் ஊற்றிய பிறகுதான் காருக்குச் சந்தனம் வைப்பார். இந்த வருஷமும் அதைச் செய்துவிட்டால் ஒருவேளை திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். புதன்கிழமை அவருக்கு மாத்திரை வாங்கப் போன நான் அப்படியே அந்தக் கடைக்கும் போனேன்.

உள்ளே ஆண்கள் நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்று டயர் கடைப் பக்கம் ஒதுங்கி நின்றேன். ஒருவர் போனால் இன்னொருவர் வந்தார். வெயில் தலையில் ஏறியது.

"ஏனுங்கம்மா, எத்தனை நேரமா வெயில்ல நிக்கறீங்க? உள்ள வாங்க."

கடையில் ஒரே ஒரு ஸ்டூல் இருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து அதைத் துடைத்தார். நான் உட்காரவில்லை. பையை மட்டும் நீட்டினேன். அவர் டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"வெள்ளை அம்பாசிடருங்களா? அவரு ஊட்டுக்காரம்மாவுங்களா நீங்க?"

தலையாட்டினேன்.

"அவரு வரலீங்களா?"

"முடியலீங்க. படுத்துட்டாருங்க. வாய் பேச வராதுங்க."

இதைச் சொன்னால் எல்லோரும் ஒரு 'ச்சோ' சொல்வார்கள். டாக்டர் என்ன சொன்னார், எந்த வைத்தியரிடம் காட்டினீர்கள் என்று கேட்பார்கள். அவர் அதெல்லாம் கேட்கவில்லை. டப்பாவின் மூடியைத் திருகினார்.

"போன வருஷம் கிரவுன் கத்துதுன்னு சொன்னாரு. ஏறும்போது கத்துதுங்களா, இறங்கும்போது கத்துதுங்களா?"

"எனக்குத் தெரியாதுங்க."

"உங்களுக்கு எப்புடித் தெரியும். அவருக்குத் தெரியும். கேட்டுட்டு வாங்க."

"பேச வராதுங்க பாய்."

"பேசச் சொல்லலீங்களே. ஒரு கை ஆடுமில்லீங்க? ஏர்றதும் எறங்கறதும் கையிலயே காட்டலாம்."

டப்பாக்களை மறுபடி பையில் போட்டுக் கொடுத்துவிட்டார். எண்ணெய் இல்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். ஒரு டப்பா எண்ணெய் வாங்கக்கூடத் துப்பில்லாதவள் ஆகிவிட்டேன் என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

"எண்ணெய்க் கடை பாய் கேட்டாருங்க. கிரவுன் ஏறும்போது கத்துதா, இறங்கும்போது கத்துதான்னு."

சமையலறைக்குப் போய் அரிசி களைந்தேன். உலை வைத்தேன். அப்போது டொக், டொக் என்று கேட்டது. கட்டில் சட்டத்தை விரலால் தட்டுகிற சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் அவர் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார். இடது கை மேலே தூக்கியிருந்தது. அது மெல்லச் சாய்ந்து கீழே வந்தது. நேராக வரவில்லை. ஒரு வளைவு, அப்புறம் இன்னொரு வளைவு. மலைப் பாதை இறங்குவதுபோல வந்தது. கட்டில் சட்டத்தைத் தொட்டதும் விரல்கள் நடுங்கிக் காட்டின. அதுதான் கத்தல்.

"இறங்கும்போதுங்களா?"

தலையாட்டினார்.

எட்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் பதில் அது.

அடுத்த புதன்கிழமை கடைக்குப் போய்ச் சொன்னேன். ஆண்கள் போகும்வரை காத்திருந்துதான் சொன்னேன். பாய் சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை. வியாபாரக்காரர் போலவே கேட்டுக்கொண்டார்.

"எறங்கும்போதுன்னா பல்லு நல்லா இருக்குதுங்க. பேரிங்குதான் தளருது. ஏறும்போது கத்தியிருந்தா பிரிச்சுத்தான் ஆகணும், எண்ணெய் ஊத்திப் பிரயோசனம் இல்லை. இன்னும் ஒரு வருஷம் இதே எண்ணெய் தாங்கும். அப்பறம் கனமா மாத்திக்கலாம்." கிரவுனுக்கான டப்பாவை எடுத்து வைத்தார்.

"இஞ்சினுக்குங்க?"

"இஞ்சினுக்கு வேற கேள்வி. எத்தனை நாளைக்கு ஒருக்கா மேல ஊத்துவாருன்னு கேட்டுட்டு வாங்க. எண்ணெயக் குடிக்கற வண்டிக்கு ஒண்ணு, குடிக்காத வண்டிக்கு ஒண்ணு."

அப்படி அதற்கு ஒரு வாரம் போயிற்று. ஒரு தடவைக்கு ஒரு கேள்விதான். அவர் வழக்கம் அப்படி.

பாயின் வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் கறுத்திருக்கும். பழைய எண்ணெய் கொண்டுவருகிறவர்களிடம் ஒரு சொட்டு வாங்கி அந்த இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்ப்பார். பிறகு ரோட்டுக்கு வந்து வெயிலில் விரலைத் திருப்பிப் பார்ப்பார். "மினுக்குது பாருங்க. இரும்பு தேயுது" என்பார். கிரவுன் எண்ணெய் கெட்டுப்போன பூண்டுபோல நாறும். அதை மோந்து பார்த்து, எத்தனை நாளாக மாற்றவில்லை என்று சொல்லிவிடுவார்.

ஒரு நாள் சட்டையில் மடிப்புக் கலையாத ஒருவர் வந்து, கிரவுனுக்கு இருப்பதிலேயே கனமான எண்ணெய் வேண்டும் என்றார்.

"எதுக்குங்க? பேரிங் தளர்ந்துருச்சுங்களா?"

"கத்துது பாய். நாளைக்கு வண்டியப் பாக்க ஆளு வருது. சத்தம் கொஞ்சம் அமுங்கினாப் போதும்."

"வாங்கறவரு ஊட்டுல குழந்தை குட்டி இருக்குதுங்களா?"

அந்த ஆள் முழித்தார். "அதெல்லாம் எனக்கெதுக்கு?"

"கேட்டுட்டு வாங்க" என்று பாய் டப்பாவை மறுபடி அலமாரியில் வைத்துவிட்டார்.

இத்தனை கேட்கிற மனிதர் தன்னைப் பற்றி எதற்கும் பதில் சொல்ல மாட்டார். யாராவது "சாப்பிட்டீங்களா பாய்?" என்றால், "உங்க வண்டி என்ன கலர்ல புகை விடுது?" என்பார். பக்கத்து லேத்துப் பட்டறைக்காரர் அவரைக் கிண்டல் செய்துகொண்டே இருப்பார். "பாய்கிட்ட மணி என்னன்னு கேட்டுப் பாருங்க, எந்த ஊரு மணின்னு திருப்பிக் கேப்பாரு." பாய்க்கு அதுவும் காதில் விழாது. சம்சாரம் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆயிற்று, ஒரே மகள் பெங்களூரில் இருக்கிறாள் என்று அந்தப் பட்டறைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடைக்கு மேலே ஒரு அறை. அதன் கம்பியில் ஒரு கைலி, ஒரு துண்டு காயும். எந்தப் புதன்கிழமை பார்த்தாலும் அந்த இரண்டுதான்.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் என் கொழுந்தனார் வந்து காரின் பழைய எண்ணெயை இறக்கினார். அவர் கோழிப்பண்ணை வேன் ஓட்டுகிறவர். புது எண்ணெயில் கிரவுனுக்கு உள்ளதை அவரே ஊற்றினார். இஞ்சினுக்குக் காலையில் ஊற்றுவதாகச் சொல்லிவிட்டு லோடு எடுக்கப் போய்விட்டார்.

காலையில் எனக்கு ஒரு ஆசை வந்தது. கட்டிலை ஜன்னல் பக்கமாக நகர்த்திப் போட்டிருந்தேன். அவர் கண்ணுக்கு முன்னால் நானே ஊற்றினால் என்ன? ஊற்றுகிற இடம் தெரியும். எவ்வளவு ஊற்ற வேண்டும் என்றுதான் தெரியாது. சாமிக்கு ஏற்றுகிற விளக்கில் எண்ணெய் குறையாக நிற்கக்கூடாது. விளிம்பு தொட நிற்க வேண்டும். சின்னதிலிருந்து அப்படித்தான் ஊற்றிப் பழக்கம். அன்றைக்கோ பூசை நாள். ஐந்து லிட்டர் டப்பாவை ஒரு சொட்டு விடாமல் கவிழ்த்தேன். போன வருஷத்து மிச்சம் ஒரு டப்பாவில் இருந்தது. குறை எதற்கு என்று அதையும் ஊற்றி மூடினேன். பொட்டு வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டேன்.

கொழுந்தனார் வந்து சாவியைத் திருப்பினார். கொஞ்ச நேரத்தில் பின்பக்கமிருந்து புகை வந்தது பாருங்கள், வேப்பமரம் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக் கோழிகள் கத்திக்கொண்டு ஓடின. அடியில் எண்ணெய் சொட்டியது.

"அண்ணி! எவ்வளவு ஊத்துனீங்க?"

"நெறைய ஊத்துனனுங்க."

"நெறையவா? இதென்ன கார்த்திகை வெளக்குன்னு நெனச்சீங்களா?"

அப்போது ஜன்னலுக்கு உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. இழுத்து இழுத்து, மூச்சு முட்டுவதுபோல. இன்னொரு தடவை வந்துவிட்டது என்று பதறி ஓடினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் கோணி, கண்ணில் தண்ணீர் வழிய, இடது கையைத் தூக்கிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் துளியூண்டு இடைவெளி காட்டினார். இஞ்சின் எண்ணெயை அளந்து பார்க்கிற கம்பியில் இரண்டு கோட்டுக்கு நடுவில் நிற்க வேண்டிய அளவு அது. எனக்குக் காட்டிக் காட்டிச் சிரித்தார்.

அடுத்த புதன்கிழமை பாய் கேட்டார்.

"எவ்வளவு ஊத்துனீங்க?"

"அளவாத்தானுங்க."

"அளவுன்னா எவ்வளவுங்க?"

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அடக்க முடியவில்லை.

"ஏனுங்கம்மா சிரிக்கறீங்க?"

வண்டியை விட்டு அவர் என்னைப் பற்றிக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"அவரு சிரிச்சாருங்க" என்றேன்.

பாய் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டு, ஏற்கனவே நேராக இருந்த டப்பாக்களை நேராக வைத்தார். ரொம்ப நேரம் வைத்தார். பிறகு அந்தப் பக்கம் பார்த்தபடியே, "புகை வெள்ளையாங்க, நீலமாங்க? கேட்டுட்டு வாங்க" என்றார்.

அதற்குப் பிறகு எண்ணெய் வாங்கும் வேலை இல்லை. ஆனாலும் புதன்கிழமை தவறாமல் ஒரு கேள்வி வாங்கிக்கொண்டு வந்தேன். கொல்லிமலையில் எத்தனாவது வளைவில் முதலில் கத்தல் கேட்டது? குளிரில் இஞ்சின் எத்தனை தடவை இழுத்த பிறகு எழும்பும்? புதன்கிழமை மத்தியானம் அவர் வாசல் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். நான் செருப்பைக் கழற்றும்போதே சட்டத்தைத் தட்டுவார். விரலால் எண்ணிக் காட்டுவார். சிலேட்டில் இடது கையால் கோணலாகக் கோடு போடுவார். நடுவில் எனக்கும் சிலது சொன்னார். தலையணை சரியில்லை என்றார். முருங்கைக்காய்க் குழம்பு வேண்டும் என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினார்.

பொங்கலுக்கு வந்த கொழுந்தனார் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது சொன்னார்.

"அண்ணி, சொன்னா வருத்தப்படாதீங்க. அண்ணன் இருவது வருசமா அந்தக் கடையிலதான் வாங்கறாரு. இந்த வண்டிக்கு என்ன எண்ணெய்ன்னு பாய் கண்ணை மூடிட்டு எடுத்துக் குடுப்பாரு. கேக்க வேண்டிய அவசியமே இல்லீங்க. உங்களப் பாத்துப் பரிதாபப்பட்டு வெளையாட்டுக் காட்டறாரு. கடையில நிக்கறவங்க சிரிக்கறாங்க."

எனக்கு உடம்பு கூசியது. இத்தனை மாதம் ஆண்கள் போகும்வரை காத்து நின்று பதில் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அடுத்த புதன்கிழமை மாத்திரை வாங்கிக்கொண்டு வேறு ரோடு வழியாக வந்துவிட்டேன். அதற்கடுத்த வாரமும் அப்படியே. வீட்டில் அவர் சட்டத்தைத் தட்டினார். "கடை சாத்தியிருக்குதுங்க" என்றேன். மூன்றாவது வாரமும் அதையே சொன்னேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விரல் முட்டி சிவக்கிற அளவுக்குத் தட்டினார். பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டு, அந்த ஒரு கையை ஊன்றி, மூச்சு வாங்க வாங்கச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த முதுகை இன்னொரு எட்டு மாதம் பார்க்க என்னால் முடியாது. மறுநாளே போனேன். அன்றைக்குப் புதன்கிழமைகூட இல்லை.

பாய் ஸ்டூலைத் துடைத்தார். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. "எடது பக்கச் சக்கரம் சூடாகுமான்னு கேக்கச் சொன்னனுங்களே?" என்றார்.

"உங்களுக்குத் தெரியாதுங்களா பாய்?" என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இருவது வருசமா நீங்கதான எண்ணெய் குடுத்தீங்க? எல்லாந் தெரிஞ்சுட்டே எதுக்கு என்னையக் கேக்க உடறீங்க?"

கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். பாய் அவர்களைப் பார்க்கவில்லை. கறுத்த விரல் இரண்டையும் துண்டில் துடைத்தார். அது போகிற கறுப்பு இல்லை.

"போன வருசத்து வண்டி எனக்குத் தெரியுமுங்க. அதுக்குப் பொறகு என்ன ஆச்சுன்னு அவருக்குத்தான தெரியும்? அவரக் கேக்காம நான் எப்புடிங்க சொல்றது?"

கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். பரிதாபமா, அவர் தொழில் பழக்கமே அப்படியா என்று அப்போதும் எனக்குப் புரியவில்லை. இப்போதும் புரியவில்லை. அன்று மத்தியானம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "எடது பக்கச் சக்கரம் சூடாகுமுங்களான்னு பாய் கேட்டாருங்க" என்று வாசலிலிருந்தே சொன்னேன். முதுகு அசையவில்லை. உள்ளே போய்ச் சோறு போட்டுக்கொண்டு வரும்போது அவர் திரும்பியிருந்தார்.

சித்திரையில் அவர் போய்விட்டார். தூக்கத்திலேயே போய்விட்டார். அதற்கு முந்தின வாரத்துக் கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தார்.

ஒரு மாதம் கழித்துக் கொழுந்தனார் வந்து, நிறுத்திவைத்தால் கார் துருப்பிடித்துப் போகும், விற்றுவிடலாம் என்றார். நான் "சரிங்க" என்றேன். வேறு மாதிரி சொல்ல எனக்கு எப்போதுமே வந்ததில்லை. யாரோ வந்து ஓட்டிக்கொண்டு போனார்கள். வேப்பமரத்தடியில் எண்ணெய்க் கறை மட்டும் கிடந்தது.

மாத்திரை வாங்கும் வேலையும் இல்லை. இருந்தும் ஒரு புதன்கிழமை பஸ் ஏறினேன். பாயிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் போனேன். அவர் என் நெற்றியை ஒரு தரம் பார்த்தார். அங்கே பொட்டு இல்லை. துண்டை எடுத்து ஸ்டூலை, எப்போதும் துடைப்பதைவிடக் கொஞ்ச நேரம் கூடவே துடைத்தார்.

"வண்டி எப்புடி இருக்குதுங்க?"

நான் சொல்ல வந்தது வேறு.

"நல்லா இருக்குதுங்க" என்றேன்.

அன்றைக்கு முதல்முறையாக ஸ்டூலில் உட்கார்ந்தேன். கிளம்பும்போது சொன்னார், "அடியில எண்ணெய் ஒழுகுதான்னு பாத்துட்டு வாங்க." எப்போதும் கேட்டுட்டு வாங்க என்பவர், அன்றைக்குப் பாத்துட்டு வாங்க என்றார். பஸ்ஸில் வரும்போதுதான் அது எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்து வேப்பமரத்தடியைப் பார்த்தேன். கறை காய்ந்திருந்தது. அடுத்த வாரம் போய், "ஒழுகலீங்க" என்றேன். அது பொய்யும் இல்லை. இப்படியே வைகாசி போயிற்று, ஆனியும் போயிற்று. இல்லாத காரைப் பற்றி வாரம் ஒரு பதில் சொன்னேன். அந்த ஒரு பதிலைத் தவிர அந்த வாரத்தில் வேறு யாரிடமும் பேசாத வாரங்களும் உண்டு.

ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை கடைக்கு முன்னால் எங்கள் கார் நின்றுகொண்டிருந்தது. பின்கதவில் இருக்கிற நெளிசல்கூட அப்படியே இருந்தது. திரும்பிவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் பாய் பார்த்துவிட்டார்.

உள்ளே நின்றவர் பள்ளிபாளையத்துக்காரர். காரை வாங்கியவர் அவர்தான். கோபமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"போன மாசமும் வந்தேன், இதையேதான் கேட்டீங்க பாய். கத்துது, அவ்வளவுதான் தெரியும். மெக்கானிக்கு கிரவுனையே பிரிச்சு மாத்தோணுமுங்கறான். அதுக்கு வண்டிய எடைக்குப் போட்டுறலாம். ஏறும்போதா எறங்கும்போதான்னு என்னையக் கேட்டா? நானே வாங்கி மூணு மாசம் ஆகலீங்க."

போன மாசமும் வந்தேன் என்று சொன்னாரே, அப்போதே பாய்க்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் வண்டி எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு முகம் எரிந்தது.

பாய் என்னைப் பார்த்தார். அந்த ஆளைத் தாண்டி, ரோட்டில் நின்ற என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்கம்மா, இந்த வண்டி ஏறும்போது கத்துமுங்களா, எறங்கும்போது கத்துமுங்களா?"

பள்ளிபாளையத்துக்காரர் திரும்பினார். லேத்துப் பட்டறைக்காரரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஆண்கள் போகும்வரை காத்திருந்து பேசுகிறவள் நான். அன்றைக்குக் காத்திருக்க முடியவில்லை. என் இடது கை தானாக எழும்பியது. வளைந்து வளைந்து கீழே இறங்கியது.

"எறங்கும்போதுங்க" என்றேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். "ஏறும்போது சத்தமே இருக்காதுங்க. எடது பக்கச் சக்கரம் கொஞ்சம் சூடாகும். அது ரொம்ப நாளா இருக்குதுங்க. பயப்பட வேண்டாமுங்க."

"இந்தம்மாவுக்கு எப்புடித் தெரியும்?" என்றார் அவர்.

பாய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து கனமான எண்ணெய் டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "பல்லு நல்லா இருக்குதுங்க. பிரிக்காதீங்க. எடைக்கும் போடாதீங்க. இதை ஊத்துங்க."

கார் கிளம்பிப் போனது. நாங்கள் இரண்டு பேரும் அது போவதைப் பார்த்தோம். இனிமேல் எதை வைத்து என்னைக் கேட்பார் என்று நினைத்தேன். இதோடு இது முடிந்தது என்று பையைச் சுருட்டினேன்.

"ஊத்துன பொறகு கத்தல் கொறைஞ்சுதான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றார் பாய்.

பள்ளிபாளையத்துக்காரரும் காரை வாடகைக்குத்தான் ஓட்டினார். முகூர்த்த நாளில் திருச்செங்கோட்டு மலைக்கோயில் கல்யாணங்களுக்கு அந்தக் கார் போகும் என்று எனக்குத் தெரியும். ஆவணி பிறந்து முதல் முகூர்த்தம் வரும்வரை நான் கடைப் பக்கம் போகவில்லை. பதில் இல்லாமல் எப்படிப் போவது? அந்த நாள் காலையில் மலையடிவாரத்தில், பாதை கடைசியாக வளைகிற இடத்தில் போய் நின்றேன். எத்தனையோ கார்கள் இறங்கின. பதினோரு மணிக்கு வெள்ளைக் கார் வந்தது. முன்னால் பூ கட்டியிருந்தார்கள். உள்ளே பொண்ணும் மாப்பிள்ளையும் இருந்திருப்பார்கள். நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் கொடுத்தேன். வளைவில் இறங்கித் திரும்பி என்னைத் தாண்டிப் போயிற்று. டயர் ஓடுகிற சத்தம்தான் கேட்டது.

அந்தப் புதன்கிழமை கடைக்குப் போனேன். ஷட்டர் இறக்கியிருந்தது. மேலே கம்பியில் கைலியும் துண்டும் இல்லை.

"பாய் போயிட்டாருங்களே" என்றார் லேத்துப் பட்டறைக்காரர். "ஞாயித்துக்கெழமை மக வந்து பெங்களூருக்குக் கூட்டீட்டுப் போயிருச்சு. நடமாட்டம் முடியல, தனியா எத்தனை நாளைக்கு இருப்பாரு? கடையையும் குடுத்துட்டாங்க. உங்களுக்கு என்ன எண்ணெய் வேணுங்க?"

"எண்ணெய் வேண்டாமுங்க."

"அப்பறம்? எதாச்சும் சொல்லோணுமா? போன் நம்பரு இருக்குது, போட்டுத் தரட்டுமா?"

அவர் போனைக் கையில் எடுத்துக்கொண்டார். பட்டறையில் நான்கைந்து ஆண்கள் நின்று என்னையே பார்த்தார்கள்.

"ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது அங்கே செல்போன் உறை விற்கிறார்கள். வேப்பமரத்தடியில் அந்தக் கறை இன்னும் போகவில்லை. மழை பெய்தால் அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் மண்ணில் இறங்காமல் உருண்டு நிற்கும். வாசல் கூட்டும்போது அதைச் சுற்றிக் கூட்டுவேன். புதன்கிழமைகளில் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொல்கிறேன்.

"கத்தல் இல்லீங்க பாய். எறங்கும்போதும் இல்லீங்க."